இடது மணிக்கட்டு

ஜூன் 4

நெய்குவான் புள்ளியை இன்று தேடத் தொடங்கினேன். விரலால் அழுத்தும் சீன அக்குபிரஷர் முறையில், குமட்டலுக்கு முதலில் சொல்லித்தரப்படும் அழுத்தப் புள்ளி அதுதான். உள்ளங்கை முடியும் இடத்திலுள்ள மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கையை நோக்கி இரண்டு ட்சுன் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே அது இருக்கிறது. ட்சுன் என்ற இந்தச் சீன அளவுக்கு அளவுகோல் தேவையில்லை. அவரவர் கட்டைவிரல் மூட்டின் அகலம் ஒரு ட்சுன், நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் மூன்று ட்சுன். எனக்கு வேறொருவர் அழுத்திவிட்டாலும் அவருடைய விரலால் அளக்கக் கூடாது, என் விரலால்தான் அளக்க வேண்டும். எடை, அணுக்களின் எண்ணிக்கை, மில்லிகிராம் என்று மற்றவர்களின் அளவுகளிலேயே என் உடம்பு கிடக்கும் இந்த நாட்களில், இந்த ஒரு விதிக்காகவே இதைக் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

ஜூன் 5

வலது கையில் மருந்து ஏற்றும் ஊசி இருக்கிறது. இனி இடது கை மட்டும்தான்.

ஜூன் 7

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால் தசைநாண்கள் மேலெழும்பும் என்கிறார்கள். வலது கையில் நடுத்தசைநாண் இழுத்துக் கட்டிய கயிறு போல எழுந்து நிற்கிறது. இடது கையில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. விளக்கை அருகில் கொண்டுவந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல் பக்கத்துத் தசைநாண் மட்டும் தெரிகிறது. பால்மாரிஸ் லாங்கஸ் எனப்படும் அந்த நடுத் தசை சிலருக்குப் பிறவியிலேயே ஒரு கையிலோ இரு கைகளிலோ இருப்பதில்லை. அதனால் கையின் பலம் குறைவதுமில்லை. இத்தனை வயதுவரை இது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவே என்று சொல்லப்படும் புள்ளியை, ஒன்று இல்லாத கையில் நான் எங்கே தேடுவது?

ஜூன் 8

தூக்கம் வரவில்லை. மணிக்கட்டு ரேகையிலேயே, சுண்டுவிரல் பக்கத் தசைநாணின் உள்விளிம்பில் உள்ள ஷென்மென் புள்ளியை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ட்சுன் மேலே இருப்பதைப் பற்றியே மனம் யோசித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 10

சீனாவின் சோங் அரச காலத்தில், 1027-ஆம் ஆண்டு, வாங் வெய்யி என்ற மருத்துவர் ஆளுயர வெண்கல உருவங்கள் இரண்டை வார்ப்பித்து, புள்ளி இருக்கும் இடமெல்லாம் துளையிட்டு வைத்தார். தேர்வின்போது துளைகளை மெழுகால் மூடி உள்ளே நீர் நிரப்புவார்களாம். மாணவர் சரியான இடத்தில் ஊசி செருகினால் நீர் வெளியே வரும். சரியா தவறா என்று உடனே சொல்லிவிடும் ஓர் உடம்பு. என் கை அப்படிச் சொல்வதில்லை. நான் அழுத்துகிறேன், குமட்டல் சற்று அடங்குகிறது, அது புள்ளியால் அடங்கியதா, கொடுத்த மாத்திரையால் அடங்கியதா, தானாகவே அடங்கியதா என்பதைப் பிரித்தறிய வழியில்லாமல் படுத்திருக்கிறேன்.

ஜூன் 11

காலையிலிருந்து வாந்தி. எழுத முடியவில்லை.

ஜூன் 13

விடை கிடைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 361 புள்ளிகளின் இடங்களையும் வரையறுத்து ஒரு தரநூல் வெளியிட்டது. அதிலேயே என் கைக்கான குறிப்பு இருக்கிறது: நடுத்தசைநாண் இல்லாதவர்களுக்கு, இருக்கும் தசைநாணின் சுண்டுவிரல் பக்க ஓரமே நெய்குவான். என்னைப் போன்றவர்களையும் நினைத்து யாரோ ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது அழுகை வந்தது.

முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை பன்னிரண்டு ட்சுன் என்பது கணக்கு. அந்த நீளத்துக்கு ஒரு நூலை எடுத்து, பாதியாக மடித்து, மறுபடி மூன்றாக மடித்தேன். ஆறில் ஒரு பங்கு, அதாவது இரண்டு ட்சுன், கட்டைவிரலால் இருமுறை அளந்த இடத்துக்கே வந்து நின்றது. அந்த இடத்தில் கட்டைவிரலின் சதைப்பகுதியை வைத்து, நகம் படாமல், மூச்சை விடும்போது அழுத்தத்தைக் கூட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கனமான, மந்தமான ஒரு வலி எழுந்து உள்ளங்கைப் பக்கமாகப் பரவியது. கூர்மையாகக் குத்தினாலோ விரல்கள் மரத்தாலோ உடனே விட்டுவிட வேண்டும், ஏனெனில் நடு நரம்பு அதற்கடியில்தான் ஓடுகிறது. எனக்கு வந்தது குத்தல் அல்ல.

இந்தப் புள்ளிகள் அமைந்திருப்பதாகச் சொல்லப்படும், உடம்பினுள் சக்தி ஓடும் பாதைகளை அறுத்துப் பார்த்து எவரும் கண்டதில்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலில் இந்தப் புள்ளி ஓரளவு பயன் தருவதாகப் பல சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு இப்போதைக்கு அந்த ஓரளவு போதும்.

ஜூன் 14

தங்கை வந்தாள். தலைவலி என்று சொல்லி, "அக்கா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல அமுக்கினா போயிடுமாமே, எனக்கும் அமுக்கி விடு" என்று கையை நீட்டினாள். கேட்டது ஹெகு புள்ளியை. அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஹெகுவையும், உள் கணுக்காலுக்கு மேலுள்ள சன்யின்ஜியாவோவையும், தோள்மேட்டுப் புள்ளியையும் தொடக் கூடாது என்பது பழைய மரபு. மரபு தவறாகவே இருந்தாலும் அவளிடம் அதைச் சோதித்துப் பார்க்க நான் தயாரில்லை. மறுத்துவிட்டு, நெற்றியை மட்டும் நடுவிலிருந்து இரு பக்கமும் வருடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். என் கை இன்னொருவருக்குப் பயன்பட்டு வெகுநாளாயிற்று.

ஜூன் 15

நல்ல நாள். முழங்காலுக்குக் கீழே ஸுசன்லி என்ற புள்ளியையும் கண்டுபிடித்தேன். சாப்பிட்டது தங்கியது.

ஜூன் 16

இரத்தத் தட்டணுக்கள் இறங்கிவிட்டன. எண்ணிக்கை ஏறும்வரை எங்கேயும் அழுத்தக் கூடாது, தோலுக்கடியில் இரத்தம் கட்டிவிடும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காரணம் புரிகிறது. ஆனாலும், கிடைத்த மூன்றாம் நாளே என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டது போல் இருக்கிறது. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஜூன் 17

கட்டைவிரலை அந்த இடத்தில் வெறுமனே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வைக்கலாம் என்றார்.

ஜூன் 18

நாளை காலை மறுபடியும் இரத்தம் எடுக்கிறார்கள். ஊசியையும் இடது கைக்கு மாற்றப் போகிறார்களாம். அப்படியானால் இனி வலது மணிக்கட்டில்தான் அளக்க வேண்டும். அங்கே தசைநாண்கள் இரண்டும் இருக்கின்றன, தேடுவதில் சிரமம் இருக்காது. ஆனால் இடது கட்டைவிரலால் அவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்திருக்க முடியுமா என்பதை இன்றிரவே தலையணை மேல் பழகிப் பார்க்க வேண்டும்.