ஒரே ராஸ்பெர்ரி பையில் நான்கு 3டி பிரிண்டர்: வளைவில் மட்டும் ஏன் நொண்டுகிறது?

ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, அதில் யுஎஸ்பி வழியாக 3டி பிரிண்டரை ஓட்டும் ஆக்டோபிரிண்ட் புரோக்ராம் நான்கு, நான்கு பிரிண்டர். சதுரப் பெட்டி போட்டால் நான்கும் சமர்த்தாக ஓடுகின்றன. பூச்சாடி போட்டால்தான் கூத்து. மூன்றாவது பிரிண்டர் ஓட ஆரம்பித்ததும் எல்லாமே வளைவில் நொண்டும், சுவரில் பரு பருவாகப் பிளாஸ்டிக் திரளும், ஸ்லைசர் (மாடலைப் பிரிண்டர் கட்டளைகளாக வெட்டித் தரும் புரோக்ராம்) சொன்ன நேரத்தைத் தாண்டி வேலை இழுத்துக்கொண்டே போகும். அதே ஃபைலை எஸ்டி கார்டில் போட்டு பிரிண்டரிலேயே செருகினால் வழவழவென்று வருகிறது. அப்படியென்றால் பெல்ட்டையும் பிளாஸ்டிக்கைத் தள்ளும் எக்ஸ்ட்ரூடரையும் நோண்டிப் பயனில்லை, கோளாறு யுஎஸ்பி பக்கம்தான். இப்போது மூன்று சரியாகிவிட்டன. நான்காவது இன்னும் முரண்டு பிடிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். பாட் ரேட் என்பது பைக்கும் போர்டுக்கும் இடையே தகவல் போகும் வேகம். 115200 பாட் என்றால் செகண்டுக்கு 11520 பைட். வரிசை எண், பிழையைக் கண்டுபிடிக்கும் செக்சம் எல்லாம் சேர்த்து, ‘இங்கே நகரு’ என்று சொல்லும் ஒரு ஜி1 வரி சுமார் 40 பைட். ஆக, செகண்டுக்கு 288 வரிதான் உச்சம். 0.2 மிமீ துண்டுகளாக உடைந்த வளைவை செகண்டுக்கு 60 மிமீ வேகத்தில் ஓட்ட 300 வரி வேண்டும். அதுவும் ஒவ்வொரு வரிக்கும் போர்டு ‘ஓகே’ சொன்ன பிறகுதான் அடுத்தது கிளம்பும். பை ஒன்றே நான்கு ஆக்டோபிரிண்டையும் சுமக்கும்போது இடையில் சில மில்லி செகண்ட் போனாலே எண்ணிக்கை பாதியாகிவிடும்.

பிரிண்டர் போர்டுக்குள் ஓடும் மார்லின் புரோக்ராம் இங்கே நின்றுவிடாது, மெதுவாகும். அடுத்த நகர்வுகளை வரிசையில் வைத்திருக்கும் பிளானரின் 16 இடத்தில் நிரம்பியிருப்பது பாதிக்குக் கீழே போனால், 20 மில்லி செகண்டுக்குக் குறைவான துண்டுகளை வேண்டுமென்றே இழுக்கும். அந்தப் பருக்களும் கூடுதல் நேரமும் இதனால்தான். அந்த 20 மில்லி செகண்ட் எல்லையை வைக்கும் எம்205 கட்டளையின் பி (B) மதிப்பைக் குறைத்தால் இழுப்பது குறையும். ஆனால் பஃபர் காலியாகி ஹெட் அங்கங்கே நின்று நின்று போகும். அது இன்னும் மோசம்.

பாட் ரேட்டை 250000 ஆக்குவது சுலபமான வேலை. 16 மெகாஹெர்ட்ஸ் ஏவிஆர் சிப் உள்ள பழைய 8 பிட் போர்டில் 115200 துல்லியமாக வராது, 2 சதவீதம் போலப் பிசகும். 250000 பிசகில்லாமல் வரும். நேட்டிவ் யுஎஸ்பி உள்ள, அதாவது முக்கியச் சிப்பே நேரடியாக யுஎஸ்பி பேசும் 32 பிட் போர்டில் பாட் ரேட்டை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

என் நேரத்தை எல்லாம் தின்றது, யுஎஸ்பியை சீரியலாக மாற்றும் எஃப்டிடிஐ சிப் உள்ள பழைய மெல்ஸி போர்டு. பாட் ரேட்டை ஏற்றியும் அசையவில்லை. அந்தச் சிப் போர்டிலிருந்து வரும் பைட்டுகளைச் சேர்த்துவைத்து, பாக்கெட் நிரம்பினாலோ 16 மில்லி செகண்ட் கழிந்தாலோதான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ‘ஓகே’ மூன்றே பைட், அது எப்போது நிரம்புவது! வரிக்கு 16 மில்லி செகண்ட் வரை வீண் என்றால் செகண்டுக்கு அறுபது வரி கூடத் தேறாது. லினக்ஸில் அந்தப் போர்ட்டுக்கான லேட்டன்சி டைமரை 16-லிருந்து 1 ஆக்கினால் வித்தியாசம் உடனே காதில் கேட்கிறது, மோட்டார் சத்தம் விட்டு விட்டு வராமல் ஒரே சீராகிறது. கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடி 16-க்கே போய்விடும், அதனால் சாதனம் செருகப்படும்போதெல்லாம் லினக்ஸ் தானாகச் செய்யும் யுடெவ் விதியாக எழுதிவைக்க வேண்டும். அதே வேலையைச் செய்யும் மலிவான சிஎச்340 சிப்புக்கு இந்த அமைப்பே கிடையாது. யுடெவ் என்றதும் இன்னொன்று: சிஎச்340-க்கு சீரியல் நம்பரும் கிடையாது. அந்தச் சிப் உள்ள போர்டெல்லாம் ஒரே பெயரில் வந்து நிற்கும். எந்த யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பெயர் கொடுக்க முடியும். இல்லாவிட்டால் ரீபூட்டுக்குப் பிறகு பூச்சாடி வேறு பிரிண்டரில் முளைக்கும்.

அடுத்தது ஆர்க் வெல்டர் என்ற புரோக்ராம். வரிசையாக வரும் குட்டிக் கோடுகளை ஜி2, ஜி3 வளைவுகளாக மாற்றிவிடும். பூச்சாடி மாதிரி உருண்டையான சாமானில் வரி எண்ணிக்கை மளமளவென்று இறங்குகிறது. ஸ்கேன் செய்த சிலைகளில் பெரிய லாபமில்லை. மார்லினில் ஆர்க் சப்போர்ட் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டைப் பார்க்கும் வெப்கேமிராவும் பைக்குச் சுமைதான். வாங்கும்போது, ஜேபெக்காகச் சுருக்கிய எம்ஜேபிஜி படத்தைத் தானாகவே தருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். சுருக்காத ஒய்யுஒய்வி மட்டும் தருவதென்றால் ஜேபெக் சுருக்கும் வேலை பையின் தலையில் விழும். பவர் சப்ளையிலும் கஞ்சத்தனம் கூடாது, 5.1 வோல்ட் 3 ஆம்பியர் வேண்டும். வோல்ட் இறங்கினால் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், நாம் பாட் ரேட்டைத் திட்டிக்கொண்டிருப்போம். பையிடம் த்ராட்டில் (வேகக் குறைப்பு) நிலையைக் கேட்டால் 0x0 என்று வர வேண்டும். 0x50000 வந்தால் நடுவில் எப்போதோ வோல்ட் இறங்கி வேகமும் குறைந்திருக்கிறது.

நான்காவது ஒரு சிஎச்340 போர்டு. வெல்டர் போட்ட பிறகும் செகண்டுக்கு 80 மிமீ வேகத்துக்கு மேல் திணறுகிறது. அதற்கு மார்லினுக்குப் பதில் கிளிப்பர் என்ற புரோக்ராமை ஏற்றுவதாக இருக்கிறேன். அதில் மோட்டார் அடியெடுக்கும் ஸ்டெப் நேரங்களைப் பை முன்கூட்டியே கணக்குப் போட்டு அனுப்பிவிடும், வரிக்கு வரி ‘ஓகே’ காத்திருப்பு இல்லை. ஆனால் பை ரொம்பத் தாமதித்தால் ‘டைமர் டூ க்ளோஸ்’ என்று சொல்லி பிரிண்ட்டை அங்கேயே நிறுத்திவிடும். அதனால் பையின் சுமையைக் குறைக்க முதலில் நான்கு கேமிராவை ஒன்றாக்க வேண்டும்.