ஹட்டனில் பருப்பு

கல்யாணமாகித் திருச்சிப் பக்கமிருந்து இலங்கை மலையகத்து ஊரான ஹட்டனுக்கு வந்தவள் நான். "அங்கேயும் தமிழ்தானே, பேச்சுக்குக் கஷ்டம் இருக்காது" என்று சொல்லித்தான் ஊரில் அனுப்பி வைத்தார்கள். அது பெரும்பாலும் உண்மை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் அப்புறம் தேயிலைத் தோட்டங்களுக்கும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பேசும் தமிழ் இது. என் பாட்டியின் குரல் சில சமயம் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாசலிலேயே கேட்கும். ஆனால் சாப்பாட்டுச் சொற்கள் இங்கே தனி வழியில் வளர்ந்திருக்கின்றன. அதில் என்னை அதிகம் இழுத்தது பருப்பு.

எங்கள் வீட்டில் பருப்பு என்றால், எந்தப் பருப்பு என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறப்போம். துவரம், பாசி, கடலை, உளுந்து என்று வரிசையாக இருக்கும். இங்கே அப்படிக் கேட்பதே இல்லை. பருப்பு என்றால் மைசூர்ப் பருப்புதான். பெயரில் மைசூர் இருந்தாலும் வருவது கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும். வேறு பருப்பு வேண்டும் என்றால் அதன் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும்.

காலையில் பாணும் (நம் பிரெட்தான்) பருப்பும், இரவில் ரொட்டியும் பருப்பும், மத்தியானம் சோற்றுக்கு மூன்று கறி இருந்தால் அதில் ஒன்று பருப்பு. கறி என்று எழுதியவுடன் என் ஊர்க்காரர்கள் ஆட்டுக்கறியை நினைத்துக்கொள்வார்கள். இங்கே அது இறைச்சி. காய்கறிக்கு மரக்கறி என்று பெயர். பருப்பைக் குழம்பாக்கினால் அதுவும் கறிதான்.

மாமியார் அதை வைக்கும் விதம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. கழுவிய பருப்போடு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு, மஞ்சள், கறிவேப்பிலை, வாசனைக்கு ஒரு துண்டு ரம்பை இலை எல்லாம் போட்டு, தேங்காயின் இரண்டாம் பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றுவார். ஆரஞ்சு நிறம் மெல்ல மஞ்சளாகும். பருப்பு மலர்ந்து, ஆனால் கரையாமல் நிற்கும் பதத்தில் உப்பும் முதற்பாலும் சேரும். ஒரு கொதி, அவ்வளவுதான், இறக்கிவிட வேண்டும். நான் மத்தை எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டார். "கடையாத புள்ள, பருப்பு கண்ணுக்குத் தெரியணும்." கடைசியில் கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டினால் வீடே மணக்கும். செத்தல் என்பது நம் காய்ந்த மிளகாய்தான். நெய் விட்டுப் பிசையும் எங்கள் ஊர்ப் பருப்பைவிட இது எனக்குப் பிடித்துவிட்டது என்பதை அம்மாவிடம் சொல்லியும் விட்டேன்.

தமிழ்நாட்டில் பருப்பு என்ற சொல் சமையலறைக்கு வெளியேயும் சுற்றும். எல்லா இடத்திலும் முன்னால் நிற்பவரைப் பற்றி "பருப்பில்லாமல் கல்யாணமா?" என்பார்கள். அலட்டுகிறவனை "பெரிய பருப்பா நீ?" என்று கேட்பார்கள். தந்திரம் பலிக்காது என்பதற்கு "உன் பருப்பு இங்கே வேகாது." இந்தக் கடைசி வசனத்துக்கு மலையில் நேரடியான பொருளே உண்டு. நுவரெலியா சுமார் 1,868 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. திறந்த சட்டியில் துவரம் பருப்பு வேக ஒரு யுகம் ஆகும். தோல் நீங்கிய மைசூர்ப் பருப்போ சீக்கிரம் வெந்துவிடும். விறகைச் சிக்கனம் பிடித்து, விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஓட வேண்டிய லயத்து வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள்.

சிங்களவர்களும் இதைப் 'பரிப்பு' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் பேச்சில் பரிப்பு சாப்பிடுவது நல்ல சேதி அல்ல. அடி வாங்கினாலும், நஷ்டப்பட்டாலும், மாட்டிக்கொண்டாலும் 'பரிப்பு கேவா', அதாவது பருப்புத் தின்றான். கொழுந்தன் த்ரீவீலர் ஓட்டுகிறார். ஒரு நாள் வந்து, "இன்னைக்கு நல்லா பரிப்பு கேவா அண்ணி" என்றார். பொலிஸ் தண்டப்பணம் எழுதிவிட்டதாம். கிரிக்கெட்டில் தோற்ற மறுநாளும் பஸ்ஸில் இதே பேச்சு காதில் விழும்.

இன்னொரு பருப்புக் கதை 1987இலிருந்து வருகிறது. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இலங்கை இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை உச்சத்தில் இருந்தபோது இந்தியா படகுகளில் நிவாரணம் அனுப்பியது. ஜூன் 3ஆம் தேதி இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பியது. மறுநாளே இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அதற்கு இந்தியா வைத்த பெயர் பூமாலை நடவடிக்கை. தென்னிலங்கையில் அதற்கு ஒட்டிக்கொண்ட பெயரில் இருப்பது பருப்பு! பூமாலை என்று ஒரு கரையும் பருப்பு என்று மறு கரையும் சொல்லும் இந்த நாளைப் பற்றி இங்கே வயதானவர்களிடம் நான் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தியாவிலிருந்து வந்தவள் என்பதால் என் முன்னால் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுகிறார்கள். எனக்கு அது புரிகிறது.

பருப்பு இந்த நாட்டு அரசியலிலேயே உள்ள பொருள். 2020 மார்ச்சில் கொரோனா தொடங்கியதும் அரசு உடனே விலை கட்டிய பொருட்களில் ஒன்று இது: பருப்பு கிலோ 65 ரூபாய், டின் மீன் 100 ரூபாய். 2022 பொருளாதார நெருக்கடியில் அந்த விலையெல்லாம் பழங்கதையாகிவிட்டது. நாட்கூலியில் ஓடும் வீட்டில் பருப்பு விலை ஏறினால் கறியில் பால்தான் முதலில் தண்ணீராகும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாம்பார் என் பொறுப்பு. துவரம் பருப்பு டவுனில் கிடைக்கிறது, விலைதான் கூட. குக்கரில் நன்றாகக் குழைய வேகவைத்துக் கடைகிறேன். மாமியார் அதைத் தடுப்பதில்லை. சோற்றில் ஊற்றிக்கொண்டு, "பருப்பு எங்க புள்ள?" என்று மட்டும் கேட்பார். அதனால் சாம்பார் வைக்கும் நாளிலும் பக்கத்து அடுப்பில் ஒரு சின்னச் சட்டியில் பருப்புக் கறி இருக்கும்.