உச்சி வெயிலில் தனுஷ்கோடி

வெளியில் படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. விடிந்ததும் எடு, பொழுது சாயும்போது எடு, நடுவில் படுத்துத் தூங்கு. இராமநாதபுரக் கடற்கரையில் இதைப் பாதிதான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

இராமேசுவரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகை சொச்சத்தில் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்ந்து ஏறுவதில்லை. கடலைவிட்டுக் கிளம்பினால் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக மேலே போகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் புகழும் அந்த நீண்ட பொன் வெளிச்சம் இங்கே அரை மணி நேரம் நின்றாலே பெரிது. சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணியிலும் நண்பகல் வெயில் சரியாக உச்சந்தலையில் இறங்கும். நம் நிழலை நாமே காலடியில் தேட வேண்டியதுதான். வேண்டுமென்றேதான் சித்திரையில் போனேன்.

பாம்பனில் அதிகம் நிற்கவில்லை. 1914இல் திறந்த பழைய ரயில் பாலமும் 2025இல் திறந்த புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சாலைப் பாலத்தில் ஓரம் கட்டுகிற வண்டிகளின் கூட்டம்தான் பொறுமையைச் சோதிக்கிறது.

1964 டிசம்பர் புயல் மிச்சம் வைத்த தனுஷ்கோடி தேவாலயத்துக்குக் காலை வெயில் அவசியம். அதன் சுவர்கள் பவளப் பாறைக் கற்களால் ஆனவை. வெயில் உரசிக்கொண்டு போகும் பக்கமாகப் பார்த்து நின்றேன். ஒரே கல்லில் எத்தனையோ பொடிக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு விளிம்பு மின்னியது, மறு விளிம்பு இருண்டிருந்தது. வெயில் ஏற ஏற அந்த இருட்டு சுருங்கி, கல் வெறும் சாம்பல் நிறச் சுவராகிவிட்டது. பக்க வெளிச்சம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்தச் சுவரைத்தான் காட்டுவேன்.

பத்து மணிக்கு மேல் சுவரை விட்டுக் கடலுக்குத் திரும்ப வேண்டும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது வெளிச்சத்தில் கணிசமான பங்கு நீரின் மேற்பரப்பிலேயே பட்டுத் தெறித்துவிடும். உச்சிக்கு வந்தால்தான் அது நீருக்குள் இறங்கி, அடிமணலைத் தொட்டு, பச்சையும் நீலமுமாகத் திரும்பி வரும். தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் ஒரு பக்கம் அடங்கிய பெண்கடல், மறுபக்கம் ஆர்ப்பரிக்கும் ஆண்கடல். இரண்டுக்கும் நிறம் வேறு என்பதை நண்பகல்தான் காட்டிக்கொடுக்கும். லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் வடிகட்டி வைத்திருப்பவர்கள் மெல்லத் திருப்பிப் பார்க்கலாம், பளபளப்பு விலகும்.

கேமராவின் கணக்கை மட்டும் இங்கே நம்பக் கூடாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்க நினைக்கும் கருவி அது. வெண்மணலைக் கண்டதும் வெளிச்சம் அதிகம் என்று முடிவுகட்டிப் படத்தை இருட்டாக்கிவிடும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரு மடங்காக, கூட்டி வையுங்கள். ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம், வலது சுவரில் போய் முட்டாதவரை கவலையில்லை.

மீன் வறுக்கும் ஓலைக் கொட்டகைக்குள் ஒதுங்கினேன். கடைக்கார அக்கா சிரித்தார். "இந்த வெயிலில் என்ன படம், தம்பி? சாயங்காலம் வரக் கூடாதா?" பொழுது சாய்வதற்குள் பயணிகளை ஊரைவிட்டு அனுப்பிவிடுகிறார்களே என்றேன். "அதுவும் சரிதான்" என்று மீனைப் புரட்டினார். அனுமதி கேட்டு அவரைப் படம் எடுத்தேன். மேலே ஓலை வெயிலை மறைக்க, வெளியே கிடந்த மணல் அதைக் கீழிருந்து கொட்டகைக்குள் வீசிக்கொண்டிருந்தது. கண்ணுக்கடியில் குழிநிழல் இல்லை. மூக்குத்திக் கல்லில் ஒரு துளி மினுக்கம். முகத்துக்கு வெளிச்சம் அளந்து எடுத்ததில் பின்னால் கடற்கரை முழுக்க வெளுத்துப்போயிற்று, போகட்டும். பணம் கொடுத்து ஸ்டூடியோவில் விளக்கு வைத்தாலும் இவ்வளவு தாராளமான வெளிச்சம் கிடைப்பது அரிது.

அங்கிருந்து தேவிபட்டினம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நவக்கிரகங்களாக வணங்கப்படும், கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களை மாலையில் எடுக்காதீர்கள். கிழக்குக் கரை அது. மாலை வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து போய்க் கற்கள்மேல் நேராக விழுந்து அவற்றைத் தட்டையாக்கிவிடும். இரவு இராமநாதபுரத்தில் தங்கி, இருட்டோடு பஸ் பிடியுங்கள். காலை எதிர்வெளிச்சத்தில் அந்த ஒன்பது கற்களும் கறுத்து, தனித்தனியாக நிற்கும்.