1851 உடன்படிக்கை கையெழுத்தானது லாரமி கோட்டையில் அல்ல

அமெரிக்க அரசும் சமவெளிப் பழங்குடிகளும் செய்துகொண்ட லாரமி கோட்டை உடன்படிக்கையின் இடத்தைப் பார்க்க வயோமிங் போகிறவர்கள் பலர் கோட்டையை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கையெழுத்தான இடம் அங்கிருந்து ஆற்றோடு கீழே சுமார் 35 மைல் தள்ளி, ஹார்ஸ் கிரீக் ஓடை வடக்கு பிளாட் ஆற்றில் கலக்கும் இடத்தில், நெப்ராஸ்காவில் இருக்கிறது. 26ஆம் எண் நெடுஞ்சாலையில் டாரிங்டனைத் தாண்டி மோரில் ஊரை நோக்கி வந்தால் சாலையோரம் நினைவுப் பலகை தென்படும். அங்கே நிறுத்தியே ஆக வேண்டும்.

கூட்டத்தை இடம் மாற்றியதற்குக் காரணம் புல். ஏறக்குறைய 10,000 பேர் குதிரைகளோடு வந்திறங்க, கோட்டையைச் சுற்றி மேய்ச்சல் போதவில்லை. ஷையான் பழங்குடி மக்கள் வழியில் தங்கள் ஆட்கள் கொன்ற, ஷோஷோனி என்ற வேறொரு பழங்குடியைச் சேர்ந்த இருவரின் உறவினர்களை அழைத்து, விருந்தும் பரிசும் கொடுத்து, எடுத்திருந்த உச்சந்தலைத் தோலையும் திருப்பிக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது இங்கேதான். அரசு செய்துவைத்த எதையும்விட இந்தச் சமாதானம் நேர்மையானது என்பேன்.

செப்டம்பர் 17 அன்று கையெழுத்தானது. பரிசுப் பொருள் வண்டிகள் 20ஆம் தேதிதான் வந்தன. வடக்கு பிளாட், ஆர்கன்சா ஆறுகளுக்கு இடைப்பட்ட பெருநிலம் ஷையான், அரபாஹோ மக்களுடையது என்று எழுதப்பட்டது. பதிலுக்கு அரசு சாலை போடலாம், கோட்டை கட்டலாம். எல்லாப் பழங்குடிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 50,000 டாலர் பெறுமானப் பொருள், 50 ஆண்டுகளுக்கு. செனட் அதைப் பத்தாண்டாகக் குறைத்தது. ஜனாதிபதி விரும்பினால் இன்னும் ஐந்து.

கோளாறின் வேர் கையெழுத்திலேயே இருக்கிறது. அன்று ஷையான் மக்களை ஆண்டது 44 தலைவர்கள் கொண்ட சபை. 1851இல் அவர்கள் தரப்பில் குறியிட்டவர்கள் நான்கு பேர். அதற்கு முன் 1825 ஜூலை 6 அன்று, இன்றைய தெற்கு டகோட்டாவின் ஃபோர்ட் பியர் பகுதியில் ஜெனரல் அட்கின்சனோடு செய்துகொண்ட முதல் உடன்படிக்கை நட்பையும் வணிகத்தையும்தான் பேசியது, நிலத்தைக் கேட்கவில்லை. 1858இல் கொலராடோவில் தங்கம் கிடைத்த பிறகு கதை மாறியது. 1861 பிப்ரவரியில் ஃபோர்ட் வைஸ் கோட்டையில் புதிய உடன்படிக்கையில் ஷையான் தலைவர்கள் ஆறு பேர் குறியிட, 1851இன் நிலம் பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் கீழாகச் சுருங்கியது. பிளாக் கெட்டிலும் ஒயிட் ஆன்டிலோப்பும் அந்த ஆறு பேரில் உண்டு. நாய்ப் படையினர் எனப்பட்ட வீரர்கள் அதை ஏற்கவே இல்லை.

ஃபோர்ட் வைஸ் இருந்த இடம் கொலராடோவின் லமாருக்குப் பக்கம். ஹார்ஸ் கிரீக்கிலிருந்து காரில் போக ஒரு பகல் பிடிக்கும். அங்கிருந்து வடக்கே ஈட்ஸ் வட்டாரத்தில் சாண்ட் கிரீக் படுகொலைத் தேசிய வரலாற்றுத் தலம். 1864 நவம்பர் 29 அன்று அமெரிக்கப் படையின் தாக்குதலில் ஒயிட் ஆன்டிலோப் கொல்லப்பட்ட இடம். கடைசிச் சில மைல்கள் மண்சாலை, மழை பெய்தால் சக்கரம் புதையும். பெட்ரோலை முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள், தண்ணீரும் கையோடு இருக்கட்டும். திறந்திருக்கும் நாள்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேட்டிலிருந்து ஓடையைப் பார்க்கலாம், படுகையில் இறங்கக் கூடாது.