ஏர்கானில் உறைந்த பால்

ஆஹனில் படிப்பு, ஸ்டுட்கார்ட்டில் வேலை என்று ஜெர்மனியில் 7 வருஷம் இருந்தேன். அங்கே குளிரில் இட்லி மாவு பொங்காது; ஓவன் அடுப்பின் விளக்கை எரியவிட்டு அதற்குள் பாத்திரத்தை வைத்துவிட்டுப் படுப்பேன். இப்போது குடித்தனம் சிங்கப்பூரில், செங்காங்கில். மாவு ஆறு மணி நேரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறது. எனக்கோ குவார்க் வேண்டும்.

தயிருக்கும் பன்னீருக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மோரின் இளம்புளிப்பு, வெண்ணெய் மாதிரி வழவழப்பு. உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, உப்பும் வெங்காயத்தாளும் கலந்த குவார்க்கைப் பக்கத்தில் வைத்து, மேலே ஆளிவிதை எண்ணெய் ஊற்றினால் சாப்பாடு முடிந்தது. மாசக் கடைசியில் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

சிங்கப்பூரில் ஐரோப்பியச் சாப்பாடு கிடைக்காது என்று சொன்னால் பொய். டெம்ப்சி ரோட்டில் ஹூபர்ஸுக்குப் போனால் சாசேஜ் இருக்கிறது. அலெக்சாண்ட்ரா ஐக்கியாவில் மொறுமொறு ரொட்டி அட்டை அட்டையாக அடுக்கியிருக்கிறது. கௌடா, பர்மேசன் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு. முற்றிய சீஸ் மாசக்கணக்கில் தாங்கும், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வரும். குவார்க் பச்சைப் பண்டம், சீக்கிரம் கெட்டுப்போகும். ஒரே ஒரு தடவை சின்ன டப்பா கண்ணில் பட்டது. விலையைப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மற்ற கடைகளில் கேட்டால் கிரீம் சீஸை நீட்டுவார்கள்.

“தயிரைத் துணியில கட்டித் தொங்க விட்டாப் போச்சு. இதுக்காகவா மாப்பிள்ளை எம்.ஆர்.டி. ரயில் ஏறி அலையுறீங்க?” என்றார் அத்தை. செய்து பார்த்தோம். கெட்டித் தயிர் வந்தது, நல்ல கெட்டித் தயிர். குவார்க் வரவில்லை. தயிருக்குப் பாலைக் காய்ச்சுகிறோம், வெதுவெதுப்பில் உறை ஊற்றுகிறோம். அந்தச் சூட்டை விரும்புகிற கிருமிகள் சுருக்கென்று புளிக்க வைத்துவிடும். குவார்க்குக்கு உறையே வேறு. பாலைக் கொதிக்க விடாமல், 20 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே மெதுவாக உறைய விட வேண்டும்.

இந்த ஊரில் அந்தக் குளுமைக்கு எங்கே போவது? படுக்கையறைக்குத்தான். இரவு ஏர்கானை 24-ல் வைத்தேன். ஒரு லிட்டர் பாஸ்டரைஸ் செய்த பால், நாலு கரண்டி மோர், பாலைத் திரட்டுகிற ரென்னட் இரண்டு சொட்டு. மோர் என்றால் லிட்டில் இந்தியாவில் விற்கும் உப்புப் போட்ட மசாலா மோர் இல்லை. கேக் செய்கிறவர்கள் வாங்குகிற பட்டர்மில்க். அது கிடைக்கவே மூன்று கடை ஏறி இறங்கினேன். பாத்திரத்தைத் தலைமாட்டில் வைத்து மூடினேன். “ராத்திரி நான் எழுந்து இதுல கால வச்சா என்னைக் கேட்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு மனைவி திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் அசைத்துப் பார்த்தேன். ஓரம் விட்டு, மேலே தெளிந்த நீர் நின்றது. வேட்டித் துணியில் கட்டி, அரை நாள் ஃபிரிட்ஜுக்குள் வடியவிட்டேன். கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடத் தேறியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்ததும் ஆஹன் ஹாஸ்டல் சமையலறை, அந்த ஆடுகிற மேஜை உட்பட, வந்து நின்றது.

பார்க்கச் சீரகம் மாதிரியே இருக்கும் சீமைச் சோம்பும் (கேரவே) தூவியிருக்கலாம். ஜெர்மனி போன புதிதில் அதைச் சீரகம் என்று நினைத்து வாங்கி ஒரு ரசத்தைப் பாழாக்கியிருக்கிறேன். இப்போது சிராங்கூன் ரோட்டில் அதையே கேட்டால் சீரகத்தை எடுத்துத் தருகிறார்கள்.

அத்தைக்கும் ஒரு தட்டு வைத்தேன். ஆளிவிதை எண்ணெயை முகர்ந்து பார்த்து, “பெயிண்ட் வாடை அடிக்குதே” என்றார். அப்புறம் தன் பங்கை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது.