டயல் டோன் இல்லாத கம்பியில் இணையம்

ஸ்கார்பரோவில் நாங்கள் குடியிருக்கும் பழைய வீட்டில், அப்பா யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி அட்டை போட்டுப் பேசுவதற்காகவே நெடுங்காலம் வைத்திருந்த லேண்ட்லைனை, எல்லோரும் கைபேசிக்கு மாறிய பிறகு துண்டித்துவிட்டோம். அதன் பின், இணையத்தை மட்டும் செப்புக் கம்பி வழியாகத் தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் பதிவு செய்தோம். கனடாவில் இதனை ‘ட்ரை லூப்’ என்பார்கள். தெருவிலிருந்து வீடு வரைக்கும் கம்பி இருக்கும். அதில் தொலைபேசி எண்ணோ டயல் டோனோ இருக்காது.

குறித்த நாளில் வந்த தொழில்நுட்பவியலாளர், வெளிச்சுவரில் உள்ள சாம்பல் நிறப் பெட்டியோடு வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெட்டிதான் எல்லை. அதற்கு உள்ளே ஓடும் கம்பி வீட்டுக்காரரின் பொறுப்பு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மோடத்தை வரவேற்பறை ஜாக்கில் செருகினேன். டிஎஸ்எல், அதாவது தொலைபேசிக் கம்பி வழி இணையம், வந்ததைக் காட்டும் விளக்கு மாலை வரை சிமிட்டிக்கொண்டே இருந்தது. பழைய தொலைபேசியைச் செருகிக் காதில் வைத்தேன், ஓசையே இல்லை. மின்னழுத்தத்தை அளக்கும் மல்ட்டிமீட்டரும் பூச்சியம் காட்டியது. கம்பி இன்னும் வந்து சேரவில்லை என்று முடிவு கட்டினேன், அது தவறு. சாதாரணத் தொலைபேசி இணைப்பில், ரிசீவரை எடுக்காத நிலையில், ஏறத்தாழ 48 வோல்ட் நேரோட்ட (டிசி) மின்னழுத்தம் இருக்கும். ட்ரை லூப்பில் அந்த மின்னழுத்தத்தை ஊட்டும் கருவியோடு கம்பி இணைக்கப்படுவதே இல்லை என்பதால், நன்றாக வேலை செய்யும் கம்பியும் அறுந்த கம்பியும் தொலைபேசிக்கும் மீட்டருக்கும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாட்டைச் சொல்ல என்னிடம் இருந்த கருவி மோடம் மட்டுமே.

ஆகவே மோடத்தை எடுத்துக்கொண்டு பெட்டியிடமே போனேன். வாடிக்கையாளர் பக்கத்து மூடி ஒரே திருகாணியில் திறந்தது. உள்ளே இரண்டு இணைப்புப் பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் சோதனைக்கென ஒரு சிறிய ஜாக். வீட்டுக்குள் போகும் சிவப்பு, பச்சைக் கம்பிகள் முதற்பகுதியில், அதாவது துண்டிக்கப்பட்ட பழைய இணைப்பில், பூட்டப்பட்டிருந்தன. புதிய அடையாள அட்டை கட்டப்பட்ட கம்பிச் சோடி, அதாவது புதிய இணைப்பு, இரண்டாவதில் இருந்தது. யன்னல் வழியாக மின்சாரம் கொடுத்து, இரண்டாவது சோதனை ஜாக்கில் மோடத்தைச் செருகியதும், ஓரிரு நிமிடங்களில் விளக்கு நிலையாக எரிந்தது.

இங்கிருந்து இரண்டு வழிகள் உண்டு. நாலு நிற வீட்டுக் கம்பியில் மீதமுள்ள கறுப்பு, மஞ்சள் சோடியைப் பெட்டியின் இரண்டாவது பகுதியில் பூட்டி, உள்ளே ஜாக்கின் நடு இரண்டு முனைகளுக்கு அதனையே மாற்றலாம். மோடம் நடு இரண்டு முனைகளை மட்டுமே பயன்படுத்தும். அல்லது சிவப்பு, பச்சையைப் பெட்டியிலேயே இரண்டாவது பகுதிக்கு மாற்றிவிடலாம். உள்ளே எந்த ஜாக்கையும் தொடவேண்டியதில்லை என்பதால் நான் பின்னதைச் செய்தேன். எந்த நிறம் எந்தத் திருகாணிக்கு என்று கவலைப்பட வேண்டியதில்லை. டிஎஸ்எல்லுக்கு இரண்டும் இடம் மாறினாலும் பாதகமில்லை.

இணையம் வந்தது, ஆனால் மழை நாளிலும் இரவிலும் அறுந்தது. உலாவியில் திறக்கும் மோடத்தின் அமைப்புப் பக்கம் இரைச்சல் விளிம்பு (இரைச்சலைத் தாண்டிச் சமிக்ஞைக்கு மிஞ்சியிருக்கும் இடைவெளி) 5 டெசிபெல் என்று காட்டியது. 6-க்குக் கீழே இருந்தால் இணைப்பு தள்ளாடும். காரணம் வீட்டுக்குள்ளேதான் இருந்தது. அந்தக் காலத்தில் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு என்று கம்பியைத் தொடராக இழுத்திருந்தார்கள். யாரும் பயன்படுத்தாத ஒவ்வொரு கிளையின் முனையிலும் சமிக்ஞை மோதித் திரும்பி வந்து, மூலச் சமிக்ஞையைக் குலைக்கிறது. போதாததற்கு அந்த நாலு நிறக் கம்பி முறுக்கப்படாதது; இரைச்சலை எளிதில் உள்வாங்கிவிடும்.

அடுத்த சனிக்கிழமை, சோடி சோடியாக முறுக்கிய கேட்-5ஈ எனும் கணினி வலைக் கம்பி ஒன்றைப் பெட்டியிலிருந்து நிலக்கீழறைக் கூரை வழியாக மேசையருகே நேராக இழுத்து, நீலம், நீலவெள்ளைச் சோடியைப் புதிய ஜாக்கின் நடு முனைகளில் பூட்டினேன். பெட்டியில் பழைய வீட்டுக் கம்பியை முழுவதுமாகக் கழற்றிவிட்டேன். அதை விட்டுவைத்திருந்தால் புதிய கம்பி இழுத்ததில் பயன் இருந்திருக்காது. மோடத்தோடு வந்த வடிகட்டியும் வேண்டியிருக்கவில்லை, ஏனெனில் அது தொலைபேசிப் பேச்சை இணைய அலைவரிசையிலிருந்து பிரிப்பதற்கானது. விளிம்பு 11 டெசிபெலுக்கு ஏறியது. அதன்பின் இணைப்பு அறுந்ததில்லை.

இன்னொன்றும் செய்தேன். டயல் டோன் இல்லாத சோடியைக் காலியானது என்று எண்ணி, பக்கத்து வீட்டு வேலைக்கு வரும் தொழில்நுட்பவியலாளர் எடுத்துவிடுவது நடப்பதுண்டு. வீதிக் கம்பத்தில் நான் எதுவும் செய்ய முடியாது. ஆனால் எங்கள் பெட்டிக்குள், “இந்தச் சோடியில் இணையம் ஓடுகிறது, துண்டிக்க வேண்டாம்” என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிய அட்டையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டி மூடினேன்.