பால் குடிச்ச பிறகு வருவன்

6 ஜனவரி 2025, திங்கள்

மகளுக்கு ஒன்றரை வயது. இவ்வளவு நாளும் பார்த்த என் அம்மா யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக ஒரு டே கெயார். இன்று நானும் கூடவே ஒரு மணித்தியாலம் இருந்தேன். அவள் மடியை விட்டு இறங்கவில்லை. சரி, இறக்கிவிட நானும் முயலவில்லை.

8 புதன்

"விளையாடேக்க சத்தம் போடாமல் வந்திடு" என்றார் அம்மா போனில். அப்படியே செய்தேன். அரை மணியில் திரும்பிப் போனால் வாசல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள், குரல் அடைத்துப்போய். இரவு நான் குளியலறைக்குப் போனாலும் கதவைத் தட்டுகிறாள். எந்த நேரம் மாயமாவேனோ என்று காவல். இனி ஒளித்து வருவதில்லை.

9 வியாழன்

"அம்மா கந்தோருக்குப் போறன். நீ பால் குடிச்ச பிறகு வருவன்." மணி அவளுக்குத் தெரியாது, பால் தெரியும். கத்தினாள். டே கெயார் அன்ரி வாங்கிக்கொண்டார். மதிலோரம் நின்று கேட்டேன். தண்டவாளத்தில் கோச்சி ஒன்று இரைந்து போனது. அது போனபின் அழுகை கேட்கவில்லை. ஆட்டோவில் அழுதது நான்.

10 வெள்ளி

அன்ரிமாருக்குத் தமிழ் குறைவு. தண்ணி, சோறு, நித்திரை என்று அவளுடைய சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 'அம்மா'வை எழுதவில்லை, இரண்டு மொழியிலும் ஒன்றுதான். நித்திரைக்குப் பிடித்துக்கொள்ள, தோய்க்காத என் பழைய சட்டை ஒன்றும்.

15 புதன்

சனி, ஞாயிறு, திங்கள் போயா (பௌர்ணமி) விடுமுறை, நேற்றுப் பொங்கல். நாலு நாள் வீட்டோடு இருந்ததில் எல்லாம் மறுபடி முதலாம் நாள்! பிரிவுப் பயம் எட்டு மாதமளவில் தொடங்கி ஒன்றரை வயது வரை கடுமையாக இருக்குமாம். நல்ல நேரம் பார்த்துத்தான் சேர்த்திருக்கிறோம். மகப்பேற்றுக்கு 84 நாள் லீவு தருகிறார்கள். பிள்ளை பழகுவதற்கு ஒன்றுமில்லை. என் லீவை அரை நாள் அரை நாளாக வெட்டுகிறேன்.

20 திங்கள்

செருப்புக் கழற்றும் வரைதான் அழுகை. இவர் கொண்டுபோய் விட்டால் அதுவும் இல்லையாம்.

22 புதன்

பின்னேரம் என்னைக் கண்டதும் விம்மினாள். பகல் முழுக்கச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாளாம். அன்ரி சொன்னதை முதலில் நான் நம்பவில்லை. பால் கோப்பை காலி.

24 வெள்ளி

இரவு என் சட்டையை இழுத்து "வத்துர" என்றாள். சிங்களத்தில் தண்ணீர்தான். அம்மாவுக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "போனைப் பிள்ளையிட்டக் குடு" என்றார். "தண்ணி எண்டு சொல்லு குஞ்சு, தண்ணி…"


"வத்துர."